உங்கள் மாவட்டத்தின் மழை, நீர், காற்று: அரசுத் தரவுகளைத் தேடி எடுத்துப் படிக்கும் முறை

ஒரு மாவட்டத்தில் மழை குறைந்து வருகிறதா, கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறதா, ஆலைகளையொட்டிய ஊர்களில் காற்று கெட்டிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை தரும் எண்கள் பெரும்பாலும் அரசுத் துறைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம்; எஞ்சியதை ஒரு மனு எழுதிப் பெறலாம். ஆனாலும் கிராம சபையிலும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எண்களோடு பேசுகிறவர்கள் மிகக் குறைவாகவே இருக்கிறார்கள். தரவு கிடைக்காதது அதற்கு முதன்மையான காரணம் அன்று. கிடைத்த எண் எங்கே, எந்த நேரத்தில், எந்த அலகில், எதனோடு ஒப்பிட்டு எழுதப்பட்டது என்பதை அறியாமல் எடுத்தாள்வதால் முதல் எதிர்க்கேள்வியிலேயே வாதம் சரிந்துவிடுகிறது. ஆகவே இவ்வழிகாட்டி தரவு இருக்கும் இடங்களைச் சொல்வதோடு, அதைப் படிக்கும் முறைக்கும் கூடுதல் இடம் தருகிறது. எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் தூத்துக்குடி மாவட்டத்தையும் அதன் அண்டை மாவட்டமான திருநெல்வேலியையும் எடுத்துக்கொள்கிறேன். முறை எந்த மாவட்டத்திற்கும் பொருந்தும்.

கேள்வியையும் எல்லையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

“எங்கள் ஊரின் தட்பவெப்பம் மாறிவிட்டதா?” என்பது தரவைக் கொண்டு நேரடியாக விடை காணக்கூடிய கேள்வி அன்று. “திருச்செந்தூர் மழைமானியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிவான மழை கடந்த 30 ஆண்டுகளில் எப்படி மாறியிருக்கிறது?” என்பது விடை காணக்கூடிய கேள்வி. இடம், காலம், அளவிடும் பொருள் ஆகிய மூன்றும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மாவட்ட எல்லைகளின் வரலாற்றைக் கட்டாயம் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் 1986-இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது. சில காலம் சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரும் அதற்கு இருந்தது. தென்காசி 2019-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி ஆகியவையும் அதே ஆண்டில் உருவானவை. மயிலாடுதுறை 2020-இல் வந்தது. எனவே ‘திருநெல்வேலி மாவட்ட மழை’ என்ற தலைப்பில் 1980 முதல் இன்றுவரை ஓர் அட்டவணை கிடைத்தால், அதற்குள் மூன்று வெவ்வேறு நிலப்பரப்புகளின் எண்கள் ஒரே பெயரில் கிடக்கின்றன என்று பொருள். குற்றாலத்துச் சாரலும் கோவில்பட்டியின் கரிசலும் ஒரே சராசரிக்குள் இருந்த காலத்தை இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் மாற்றம், வானிலையால் வந்ததா எல்லைக்கோட்டால் வந்ததா என்று சொல்ல முடியாது. நீண்ட காலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் மாவட்டச் சராசரியை விட்டுவிட்டுத் தனி மழைமானி நிலையங்களைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது.

ஆண்டு என்பதும் துறைக்குத் துறை மாறும். வானிலைத் துறை ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிடுகிறது. வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளும் பயிர்க் கணக்குகளும் ஜூலை முதல் ஜூன் வரையிலான பசலி ஆண்டைப் பின்பற்றுகின்றன. பசலி 1433 என்பது 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான காலம். மழையையும் விளைச்சலையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இந்த ஆறு மாத வேறுபாட்டைச் சரிசெய்யாவிட்டால், ஒரு பருவத்தின் மழை அடுத்த பருவத்தின் பயிரோடு சேர்ந்துவிடும்.

மழை

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள அதன் மண்டல மையம் நிலையவாரியான தினசரி மழையளவையும் மாவட்டவாரியான தொகுப்பையும் வெளியிடுகிறது. நீண்ட காலத் தரவுகள் புனேயிலுள்ள அலுவலகத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. இவற்றைத் திறந்தவுடன் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது நேரக்கணக்கு. ஒரு நாளின் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை பெய்த மழை. அது முடிவடையும் நாளின் தேதியில் எழுதப்படுகிறது. 2023 டிசம்பர் 17 ஞாயிறன்று பகலும் இரவுமாகத் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை பதிவேட்டில் டிசம்பர் 18 என்ற தேதியில்தான் இருக்கும். சென்னையை மூழ்கடித்த 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. டிசம்பர் 2-ஆம் தேதிக்குரிய எண்ணாகத்தான் பட்டியலில் நிற்கிறது. வெள்ளம் வந்த நாளையும் அணை திறக்கப்பட்ட நேரத்தையும் மழையோடு பொருத்திப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு விதியை மறந்தால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

2023-இன் அந்த டிசம்பர் 18 காலையில் காயல்பட்டினத்தில் பதிவான அளவு 95 செ.மீ. அந்த வட்டாரத்திற்கு ஓர் ஆண்டு முழுவதும் இயல்பாகக் கிடைக்கும் மழையைவிட இது அதிகம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் என்பதை வைத்துக் கணக்கிட்டால், ஒரு ஹெக்டேர் நிலத்தின்மேல் ஒரே நாளில் 95 இலட்சம் லிட்டர் நீர் விழுந்திருக்கிறது. அதே காலையில் திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. என்று பதிவாயின. திருச்செந்தூருக்கும் காயல்பட்டினத்திற்கும் இடையே சாலைவழி தூரம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மழையில் 26 செ.மீ. வேறுபாடு. பக்கத்து ஊரின் மழைமானியை நம் ஊருக்கு எடுத்துக்கொள்வதில் உள்ள ஆபத்தை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

அறிக்கைகளில் வரும் சொற்களுக்கு வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளே மழை நாள். பருவத்தின் மொத்த மழையையும் மழை நாள்களின் எண்ணிக்கையையும் எப்போதும் அட்டவணையின் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் வைத்துப் பாருங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. 2023-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டம் செழிப்பான ஆண்டைக் கண்டதுபோல் தோன்றும்; அந்த மொத்தத்தின் பெரும்பகுதி குளங்களை உடைத்துக் கடலுக்குப் போன நீர் என்பதை மொத்தம் சொல்லாது, நாள்களின் பகிர்வுதான் சொல்லும்.

அடுத்தது ‘இயல்பு’ என்ற நெடுவரிசை. ஒரு நீண்ட காலத்தின் சராசரியே இயல்பு என்று வைக்கப்படுகிறது. தற்போது வானிலைத் துறை மழைக்கு 1971 முதல் 2020 வரையிலான சராசரியைப் பயன்படுத்துகிறது. முந்தைய ஆண்டுகளின் அறிக்கைகள் வேறு அடிப்படைக் காலத்தைப் பயன்படுத்தியவை. ஆகவே பழைய அறிக்கையில் உள்ள விலகல் விழுக்காட்டையும் புதிய அறிக்கையில் உள்ளதையும் நேரடியாக ஒப்பிடாமல், மழையளவை மட்டும் எடுத்துக்கொண்டு விலகலை நீங்களே ஒரே இயல்பைக் கொண்டு கணக்கிடுங்கள். பெய்த அளவிலிருந்து இயல்பைக் கழித்து, இயல்பால் வகுத்து, நூறால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். அது கூட்டலோ கழித்தலோ 19 விழுக்காட்டுக்குள் இருந்தால் இயல்பான மழை. 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் பற்றாக்குறை. 60-க்கு மேல் குறைந்தால் கடும் பற்றாக்குறை. கோடை மாதங்களிலும் தென்மேற்குப் பருவத்திலும் தூத்துக்குடி போன்ற மழைமறைவுப் பகுதிகளுக்கு இந்த விழுக்காட்டை நம்பி முடிவு எடுக்காதீர்கள். இயல்பே 2 செ.மீ. உள்ள மாதத்தில் 4 செ.மீ. பெய்தால் நூறு விழுக்காடு கூடுதல் என்று வரும். நிலத்திற்கு அதனால் கிடைப்பது சிறிதளவே. தமிழகம் முழுவதற்கும் வடகிழக்குப் பருவத்தின் இயல்பு ஏறத்தாழ 44 செ.மீ.; ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில் வருவதால், நம் மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் இதுவே முதலில் பார்க்க வேண்டிய பருவம்.

மாவட்டச் சராசரி எத்தனை மழைமானிகளின் சராசரி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய மலைத் தோட்டப் பகுதிகளின் மழையும், இராதாபுரம் போன்ற வறண்ட சமவெளியின் மழையும் ஒரே மாவட்டத்திற்குரியவை. மலையிலுள்ள ஒரு மழைமானி ஓர் ஆண்டில் புதிதாகக் கணக்கில் சேர்ந்தால் அந்த ஆண்டிலிருந்து சராசரி உயரும். சமவெளி விவசாயியின் வயலில் ஒரு சொட்டுக்கூட அதிகமாக விழுந்திருக்காது. தொடக்க ஆண்டிலும் இறுதி ஆண்டிலும் ஒருசேர இருந்த நிலையங்களை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பது இதற்குத் தீர்வு.

உங்கள் ஊரில் மழைமானியே இல்லை என்றால், புனே அலுவலகம் இலவசமாகத் தரும் கட்டத் தரவு உதவும். 1901 முதல் நாள்தோறும் பெய்த மழையை 0.25 பாகை இடைவெளியிலான புள்ளிகளுக்கு மதிப்பிட்டு ஆண்டுக்கு ஒரு கோப்பாக வைத்திருக்கிறார்கள். வெப்பநிலைக்கு இதே போன்ற தரவு 1951 முதல் 1 பாகை இடைவெளியில் கிடைக்கிறது. பைத்தான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்தவர்கள் ‘ஐஎம்டிலிப்’ (imdlib) என்னும் இலவசத் தொகுப்பைக் கொண்டு கோப்பைப் பதிவிறக்கி, வேண்டிய புள்ளியை மட்டும் அட்டவணையாக மாற்றிக்கொள்ளலாம். காயல்பட்டினத்தின் அட்சம் ஏறத்தாழ 8.57, தீர்க்கம் 78.12. அதைச் சூழும் நான்கு புள்ளிகள் 8.50, 8.75 என்ற அட்சங்களும் 78.00, 78.25 என்ற தீர்க்கங்களும் சந்திக்கும் இடங்கள். இவற்றில் கிழக்கே உள்ளவை கடலில் விழுகின்றன. தரவு இல்லாத புள்ளிக்கு மழைக் கோப்பில் -999 என்று எழுதியிருப்பார்கள். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் மழை எதிர்ம எண்ணாக வந்து நிற்கும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் இருப்பதாலும், சுற்றியுள்ள மழைமானிகளைக் கலந்து மதிப்பிடுவதாலும், 95 செ.மீ. போன்ற உச்சங்கள் இத்தரவில் தணிந்தே தெரியும். நீண்ட காலப் போக்கைக் காண இது சிறந்தது. ஒரு நாளின் வெள்ளத்தை நிறுவ நிலையத்தின் பதிவேடுதான் வேண்டும்.

அணைகள்

தமிழக நீர்வளத் துறை அணைகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் முந்தைய ஆண்டின் இதே நாளோடு சேர்த்துத் தருகிறது. செய்திகளில் அடி என்ற அளவே முன்னிற்கிறது. உங்கள் கணக்கில் கொள்ளளவை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையின் முழு உயரமான 120 அடியில் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) நீர் இருக்கும். நீர்மட்டம் 90 அடியாக இருக்கும்போது உயரத்தில் முக்கால் பங்கு இருக்கிறது. நீரோ சுமார் 53 டிஎம்சி, அதாவது பாதியைவிடச் சற்றே கூடுதல். நீர்த்தேக்கம் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதே காரணம். பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்று முழு உயரங்கள் வேறுபட்டாலும் இரண்டும் கொள்வது ஏறக்குறைய 5.5 டிஎம்சிதான்.

நிலத்தடி நீர்

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது; கோடை, ஆகஸ்டு, நவம்பர், ஜனவரி ஆகியவை அந்தப் பருவங்கள். இவ்வெண்கள் மத்திய ஜல் சக்தி அமைச்சகத்தின் இந்திய நீர்வளத் தகவல் அமைப்பு என்ற தளத்தில் மாவட்டம், நிலையம், நாள் என்று தெரிவு செய்து எடுக்கும் வகையில் உள்ளன. மாநில அரசின் நிலத்தடி நீர்ப் பிரிவும் தனக்கெனக் கிணறுகளை வைத்து அளந்து வருகிறது.

எண்கள் ‘தரைமட்டத்திற்குக் கீழே இத்தனை மீட்டர்’ என்று இருப்பதால், எண் கூடினால் நீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். வரைபடம் போடும்போது செங்குத்து அச்சைத் தலைகீழாக வையுங்கள். இல்லையெனில் வறட்சி ஆண்டில் கோடு மேலேறி, பார்க்கிறவர் நீர் பெருகியதாக எண்ணிக்கொள்வார். மே மாதத்தை மே மாதத்தோடும் ஜனவரியை ஜனவரியோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். திறந்த கிணற்றின் அளவும் ஆழ்துளைக் கிணற்றின் அளவும் ஒரே சராசரிக்குள் வரக் கூடாது. முதலாவது மேல்மண் நீரையும் இரண்டாவது பாறைப் பிளவுகளில் உள்ள நீரையும் காட்டுகின்றன. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரி மணலிலும் கோவில்பட்டியின் கரிசல் நிலத்திலும் நீர் இறங்கும் விதமே வேறு. கடற்கரையோர ஒன்றியங்களில் நீர்மட்டம் மட்டும் போதாது, உப்புத்தன்மையையும் பார்க்க வேண்டும். மட்டம் நன்றாக இருந்தும் குடிக்க முடியாத நீர் என்பது திருச்செந்தூர், உடன்குடி வட்டாரத்தில் கற்பனையன்று.

நிலத்தடி நீர்வள மதிப்பீட்டுக்குத் தமிழகத்தில் 2022 வரை அலகாகக் கொள்ளப்பட்டது குறுவட்டம், அதாவது பிர்கா என்ற வட்டத்தின் உட்பிரிவு. அப்போது மொத்தம் 1,166 குறுவட்டங்கள். ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காட்டிற்கு மிகாமல் எடுத்தால் பாதுகாப்பான பகுதி, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், நூறைத் தாண்டினால் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி என்று வகுக்கிறார்கள். கிராம சபையில் பேசப் போகிறவர்களுக்கு இந்த மதிப்பீட்டு அறிக்கை மிகவும் பயன்படும். தங்கள் பகுதியின் பெயரையே அதில் விரல் வைத்துக் காட்ட முடியும்.

காற்று

1974-இல் அமைக்கப்பட்ட மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாடெங்கும் உள்ள தொடர் கண்காணிப்பு நிலையங்களின் பதிவுகளை ஒரே தளத்தில் தருகிறது. நிலையத்தையும் மாசுப் பொருளையும் காலத்தையும் தெரிவு செய்தால் பதினைந்து நிமிடச் சராசரி முதல் நாள் சராசரி வரை பதிவிறக்கலாம். 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தூத்துக்குடியும் இடம்பெற்றதால், அந்நகரின் எண்களைத் தொடர்ந்து பார்ப்பதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது.

காற்றுத் தரக் குறியீடு என்பது அளவிடப்பட்ட எண் அன்று, கணக்கிடப்பட்ட எண். ஒவ்வொரு மாசுப் பொருளுக்கும் தனிக் குறியீடு கண்டு, அவற்றில் மிகப் பெரியதை மட்டும் வெளியிடுகிறார்கள். குறைந்தது மூன்று மாசுப் பொருள்களின் தரவு இருக்க வேண்டும், அவற்றுள் பிஎம் 2.5 அல்லது பிஎம் 10 (முறையே 2.5, 10 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள நுண்துகள்கள்) கட்டாயம் என்பது விதி. பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீடு 100. அதுவே ‘திருப்திகரம்’ என்ற படியின் எல்லை. அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றும் கைப்பேசிச் செயலிகளில் அதே காற்று 150-ஐத் தாண்டி, உடல்நலத்திற்குக் கேடு என்ற நிறத்தில் தெரியும். இரண்டும் பிழையன்று, அளவுகோல்தான் வேறு. ஆகவே மனுவிலோ கட்டுரையிலோ குறியீட்டைத் தவிர்த்து, மைக்ரோகிராம் அளவை எழுதுங்கள். 2009-இன் தேசியத் தரநிலைப்படி பிஎம் 2.5-க்கு நாள் சராசரி வரம்பு 60, ஆண்டுச் சராசரி வரம்பு 40. பிஎம் 10-க்கு முறையே 100, 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பிஎம் 2.5-க்குப் பரிந்துரைத்த ஆண்டு அளவு 5 மட்டுமே என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

பதிவிறக்கிய கோப்பில் வெற்றிடங்கள் நிறைய இருக்கும். கருவி பழுதான நாள், மின்சாரம் இல்லாத நாள், அளவு சரிபார்ப்பு நடந்த நாள் ஆகியவை வெற்றிடமாகவே நிற்கும். அவற்றைச் சுழியம் என்று நிரப்பினால் காற்று தூய்மையானதாகப் பொய்யான சராசரி வரும். ஒரு மாதத்தில் முக்கால் பங்கு நாள்களுக்காவது பதிவு இல்லையென்றால் அம்மாதத்தின் சராசரியை எழுதாமல் விடுவதே நேர்மை. மாசு மிகுந்த நாள்களிலேயே நிலையம் தொடர்ந்து மௌனமாக இருந்தால், அந்த வெற்றிடங்களின் பட்டியலே ஒரு கேள்வியாக எழுப்பத்தக்கது.

காட்டைப் பற்றிய எண்களுக்கு டேராடூனில் உள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறது. அதில் ‘காட்டுப் பரப்பு’ என்பது ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கிளைகளின் நிழல் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் போதும்; தென்னந்தோப்பும் பழத்தோட்டமும் அதில் சேரும். ஒரு மாவட்டத்தில் காடு பெருகியதாகச் செய்தி வந்தால், பெருகியது எது என்று இந்த வரையறையை வைத்துக் கேளுங்கள்.

கோப்பைப் பேணுதலும், கிடைக்காததைக் கேட்டுப் பெறுதலும்

பதிவிறக்கிய கோப்பைத் திருத்தாமல் ஒரு படி தனியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அட்டவணையின் முதல் தாளில் தரவை வெளியிட்ட துறை, நிலையத்தின் பெயர், அலகு, பதிவிறக்கிய நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். அண்மை மாதங்களின் எண்கள் தற்காலிகமானவை. சரிபார்ப்புக்குப் பின் அவை மாறுவதுண்டு என்பதால் நாள் குறிப்பது கட்டாயம். ஊர்ப் பெயர்கள் ஆங்கிலக் கோப்புகளில் பலவாறு எழுதப்பட்டிருக்கும். தூத்துக்குடியே ஒரு கோப்பில் தூத்துக்குடி என்றும் மற்றொன்றில் டூட்டிகொரின் என்றும் இருக்கும். இரண்டையும் தேடாதவர் பாதித் தரவைத் தவறவிடுவார். மிகப் பழைய பதிவுகள் அங்குலத்தில் இருந்தால் 25.4-ஆல் பெருக்கி மில்லிமீட்டராக மாற்றுங்கள்.

இணையத்தில் இல்லாத வட்டார மழைப் பதிவுகளுக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழிவகுக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு அனுப்பலாம். “எங்கள் வட்டத்தில் ஏன் மழை குறைந்தது?” என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்விக்கு ‘தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்ற பதிலே வரும். “சாத்தான்குளம் வட்டாட்சியர் அலுவலக மழைமானியில் 1.10.2010 முதல் 31.12.2020 வரை நாள்தோறும் பதிவான மழையளவைக் காட்டும் பதிவேட்டின் நகல், மற்றும் அக்காலத்தில் மழைமானி பழுதடைந்த நாள்கள், இடம் மாற்றப்பட்டிருந்தால் அதன் விவரம்” என்று ஆவணத்தின் பெயரையும் தேதிகளையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். மழைமானி மாடிக்கோ மரத்தடிக்கோ மாற்றப்பட்டிருந்தால் அதன் பின்னுள்ள எண்கள் முன்னுள்ளவற்றோடு ஒப்பிடத் தகாதவை; அதனால்தான் கடைசி வரி அவ்வளவு முக்கியம். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் முழுமையற்றதாக இருந்தாலோ, அடுத்த 30 நாள்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். கைக்கு வந்த நகலைத் தட்டச்சு செய்யும்போது, எழுதாமல் விடப்பட்ட கட்டங்களை வெற்றிடமாகவும், கோடு போடப்பட்டவற்றைத் தனிக் குறியோடும், சுழியம் எழுதப்பட்டவற்றைச் சுழியமாகவும் ஏற்றுங்கள். மழை பெய்யாத நாளும் அளக்கப்படாத நாளும் உங்கள் அட்டவணையில் கலந்துவிடாமல் இருக்க இது ஒன்றே வழி.